கட்டளை மாறியதைக் காவலன் அறிவது எப்போது?

ஒரு சட்டம் எழுதப்படும் நாள் வேறு. அது நடைமுறைக்கு வரும் நாள் வேறு. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கென இலங்கைப் பாராளுமன்றம் நிறைவேற்றிய 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில், சபாநாயகர் 2022 மார்ச் 19ஆந் திகதி சான்றுரை எழுதினார். ஆயினும் அச்சட்டத்தின் பகுதிகள் யாவும் அன்றே உயிர்பெற்றுவிடவில்லை. பகுதி பகுதியாக, வெவ்வேறு நாள்களில் நடைமுறைக்கு வரும்படியே அது அமைக்கப்பட்டது. சட்டப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இதோ எழுதியிருக்கின்றதே!" என்று ஒருவர் வாதாடினால், "எழுதியிருப்பது மெய், நடைமுறைக்கு வந்துவிட்டதா என்பதே வினா" என்று மறுமொழி கூறுவார் சட்டத்தரணி.

கணினி உலகிலும் இவ்வேறுபாடு உண்டு. ஆங்கு எழுத்துக்கும் நடைமுறைக்கும் இடையே நிற்கும் காலம் சில வேளை ஒரு நொடி. சில வேளை ஓர் ஆண்டு. அதனை ஊரறியச் சொல்ல வர்த்தமானியும் இல்லை. ஆதலால், வாயிற் கட்டளையை மாற்றி எழுதிய நிருவாகி மனநிறைவோடு வீடு திரும்ப, வாயிலோ பழைய கட்டளைப்படியே நாள்தோறும் திறந்துகொண்டிருத்தல் கூடும். ஒருவருடைய நோய்க்குறிப்பை யார் பார்க்கலாம், ஒருவருடைய வங்கிக் கணக்கை யார் திருத்தலாம் என்பன இந்த வாயிலைப் பற்றிய வினாக்களே. ஆகவே, இது கணினி வல்லுநருக்கு மட்டும் உரிய நுணுக்கம் என்று ஒதுக்கிவிடத் தக்கதன்று.

முன்னாளிற் கந்தோர்கள்தோறும் தடித்த இடாப்புகள் அடுக்கப்பட்டிருந்தன. இன்று அவற்றின் இடத்திலே தரவுத்தளம் இருக்கின்றது. அத்தரவுத்தளத்தைக் காத்து, கேட்போருக்கு வேண்டிய செய்தியை எடுத்துக்கொடுக்கும் கணினியையும் அதிலே இயங்கும் மென்பொருளையும் சேர்த்துச் சேவையகம் என்கின்றனர். வைத்தியசாலையின் மருந்தகத்திலுள்ள கணினியும், வங்கிக் கிளையிலுள்ள கணினியும், பரீட்சைப் புள்ளிகளைப் பதியும் கணினியும் வலையமைப்பின் வழியாக அதனிடம் வந்து, "இணைப்புத் தருக" என்று கேட்கின்றன. சேவையகம் உடனே கதவைத் திறந்துவிடுவதில்லை. வருபவர் யார், எவ்விடத்திலிருந்து வருகின்றார், எத்தரவுத்தளத்தை நாடி வருகின்றார் என்று வினவித் தெளிந்த பின்னரே உள்ளே விடுகின்றது. அவ்வாறு வினவுவதற்கு அதனிடம் ஒரு கட்டளைப் பட்டியல் உண்டு. இப்பட்டியலை மாற்றினால் சேவையகம் அதனை எப்பொழுது அறிந்துகொள்கின்றது? எளிய வினாப்போலத் தோன்றினும் இதன் விடை ஒன்றன்று, பல.

உலகெங்கும் பெரிதும் கையாளப்படும் தரவுத்தள மென்பொருள்களுள் ஒன்றாகிய போஸ்ட்கிரெஸ் என்பதனை எடுத்துக்கொண்டால் இவ்வினா நன்கு விளங்கும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலே, பேராசிரியர் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் என்பாரின் தலைமையில் 1986ஆம் ஆண்டு தொடங்கிய ஆராய்ச்சியின் வழிவந்தது அது. அவர் அதற்கு முன்னர் இங்கிரெஸ் என்னும் முறைமையை ஆக்கியவர். அதற்குப் பின்னர் வந்தது என்ற பொருளிலேயே போஸ்ட்கிரெஸ் என்று பெயரிட்டார். 1996இல் அதன் பெயரோடு எஸ்.கியூ.எல். என்ற எழுத்துகளும் சேர்ந்தன. இன்று அது தனி ஒருவருக்கோ ஒரு கம்பனிக்கோ உரிமையாகாது, பல நாட்டு அறிஞர்கள் கூடிப் பேணும் மென்பொருளாக விளங்குகின்றது.

இம்மென்பொருளின் வாயிற் கட்டளைகள் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பிலே எழுதப்படுகின்றன. அக்கோப்பின் பெயரிலுள்ள எச்.பி.ஏ. என்ற மூன்றெழுத்துகள், வரும் கணினியை அடிப்படையாகக் கொண்டு ஆளை உறுதிப்படுத்துவது என்ற கருத்தைச் சுருக்கிக் கூறுவன. ஒரு வரிக்கு ஒரு விதி. இணைப்பு எவ்வகையானது, எந்தத் தரவுத்தளம், எந்தப் பயனர், எந்த முகவரி என்பன அவ்வரியில் வரிசையாக இடம்பெறும். ஈற்றில், அவரை எம்முறையாற் சோதிக்க வேண்டும் என்பது வரும். கடவுச்சொல் கேட்கலாம், "மறுத்துவிடு" என்று எழுதலாம், ஒன்றுமே கேளாமல் "நம்பி விடு" என்றும் எழுதலாம். இந்த மூன்றாவது முறை இருத்தலே தகுமா என்று சிலர் வினவுவதுண்டு. பூட்டிய அறையில் ஒருவரே கையாளும் கணினிக்கு அது போதும்; ஊரார் வந்துபோகும் இடத்துக்கு ஆகாது.

வாயிலில் நிற்கும் காவலன் இப்பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்க்கின்றான். வந்தவருக்குப் பொருந்தும் முதல் வரி எதுவோ அதுவே முடிவு. அவ்வரி கேட்கும் கடவுச்சொல்லை அவர் தவறாகச் சொன்னால், அடுத்த வரியிலாவது இடமுண்டோ என்று அவன் தேடுவதில்லை. எந்த வரியும் பொருந்தாவிடில் அனுமதி இல்லை. எனவே, எல்லோரையும் விடும் ஒரு வரியை மேலே வைத்துவிட்டு, ஒருவரை மறுக்கும் வரியைக் கீழே எழுதினால், அந்த மறுப்பு ஒருபோதும் படிக்கப்படமாட்டாது. கட்டளை மாறியும் பயன் விளையவில்லை என்று முறையிடுவோரிற் பலருடைய குறை, காலத்தைப் பற்றியதன்று, வரிசையைப் பற்றியதே. இதனை முதலில் நீக்கிக்கொண்டாலன்றி அடுத்த வினாவை ஆராய இயலாது.

இனிக் காலத்துக்கு வரலாம். போஸ்ட்கிரெஸ் சேவையகம் இக்கோப்பைத் தான் இயங்கத் தொடங்கும்போது ஒரு தடவை படித்துத் தன் நினைவகத்தில் இருத்திக்கொள்கின்றது. அதன் பின்னர், "மீண்டும் படி" என்று எவரேனும் சொல்லும் வரையில் அது கோப்பின் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. கோப்பிலே என்ன எழுதினும், எத்தனை தடவை சேமித்தாலும், காவலனுடைய மனத்தில் இருப்பது முன்னர்ப் படித்த பாடமே. தொடக்கத்தில் இந்நிலை இருக்கவில்லை. ஒவ்வோர் இணைப்பின்போதும் கோப்பைத் திறந்து படிப்பதே அக்கால வழக்கம். 2002ஆம் ஆண்டில் வெளிவந்த 7.2 என்னும் பதிப்பிலேதான், சொன்னால் மட்டும் படிப்பது என்ற முறை வந்தது. நொடிக்குப் பலர் வந்து தட்டும் வாயிலிலே ஒவ்வொருவருக்காகவும் கோப்பை எடுத்து விரித்துப் படிப்பது வீண் வேலை என்பது வெளிப்படை. அதனினும் பெரிய நன்மை ஒன்றும் இதனால் உண்டாயிற்று. நிருவாகி பாதி எழுதிக்கொண்டிருக்கும்போதே அரைகுறை விதி வாயிலுக்குச் செல்வதில்லை. எழுதி முடித்துச் சரிபார்த்துப் பின் அறிவிக்க அவருக்கு அவகாசம் கிடைக்கின்றது.

"மீண்டும் படி" என்று சொல்லும் முறை சுவையானது. யுனிக்ஸ் மரபைச் சேர்ந்த கணினிகளிலே, இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு செயன்முறைக்குப் புறத்தேயிருந்து சமிக்ஞை அனுப்பலாம். இப்பணிக்கென ஆளப்படும் சமிக்ஞையின் பெயர் 'சிக்-ஹப்'. பெயரின் பின்பகுதி, தொலைபேசியை வைத்துவிடுதல் என்ற பொருளுடையது. ஒரு காலத்திலே மக்கள் தொலைபேசிக் கம்பி வழியாகத் தொலைவிலுள்ள பெரிய கணினியோடு தொடர்புகொண்டனர். கம்பித் தொடர்பு அறுந்துவிட்டால், "உன்னோடு பேசிக்கொண்டிருந்தவர் போய்விட்டார், நீயும் வேலையை முடித்துக்கொள்" என்று அவருடைய செயன்முறைக்கு அறிவிப்பதற்கே இச்சமிக்ஞை ஏற்பட்டது. எவருடைய திரையோடும் பிணைக்கப்படாது பின்னணியில் ஓயாது இயங்கும் சேவையகங்களுக்கு இவ்வறிவிப்பால் யாதொரு பயனும் இல்லை. பயனின்றிக் கிடந்த அச்சமிக்ஞையையே, "கட்டளைக் கோப்பை மீளப் படி" என்பதற்கு அடையாளமாக எடுத்து ஆண்டனர். கம்பித் தொலைபேசி போயிற்று. அதன் சொல் மட்டும் வேறு பொருளில் வாழ்கின்றது. மொழியிலே நிகழும் பொருள் மாற்றங்களை ஆராய்வோருக்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

நிருவாகி இச்சமிக்ஞையை நேரே அனுப்பலாம். அல்லது தரவுத்தளத்துக்குள் இருந்தவாறே 'பி.ஜி. ரீலோட் கொன்ஃப்' என்னும் கட்டளையை இடலாம். சேவையகத்தை நிறுத்தி மீளத் தொடக்க வேண்டுவதில்லை. உள்ளே வேலை செய்துகொண்டிருப்போர் ஒருவருக்கும் இடையூறு நேராது. இதனை அறியாது, ஒரு வரி மாற்றத்துக்காக முழுச் சேவையகத்தையும் நள்ளிரவில் நிறுத்தி எழுப்புவோர் இன்றும் உளர்.

இங்கே ஒரு விந்தை உண்டு. இதே மென்பொருள், விண்டோஸ் என்னும் பணிசெயல் முறைமையில் இயங்கும்போது, சமிக்ஞை எதுவும் அனுப்பாமலே கோப்பில் செய்த மாற்றம் அடுத்து வரும் இணைப்புக்குப் பொருந்திவிடுகின்றது. காரணம் பிறப்பு முறையில் இருக்கின்றது. யுனிக்ஸ் வழிவந்த முறைமைகளில், புதிதாக ஒருவர் இணைப்புக் கேட்டவுடன் தலைமைச் செயன்முறை தன்னைப் போல ஒரு சேயை ஈனுகின்றது. அச்சேய், தாயின் நினைவு முழுவதையும் முதுசமாகப் பெற்றே பிறக்கின்றது. தாய் காலையிற் படித்த விதி எதுவோ அதுவே சேயின் விதி. அதற்குக் கோப்பைப் படிக்க வேண்டிய தேவையே இல்லை. விண்டோஸில் அவ்வகைப் பிறப்பு இல்லை. அங்கே ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு புதிய செயன்முறை வெறுமையான நினைவோடு தொடங்கப்படுகின்றது. ஆதலால் அது தானே சென்று கோப்பைத் திறந்து படிக்க நேர்கின்றது. அந்நேரத்தில் கோப்பிலே இருப்பது எதுவோ அதனையே கற்றுக்கொள்கின்றது.

இதனால் விளையும் தொல்லை சிறிதன்று. வீட்டிலே தம் விண்டோஸ் கணினியிற் பழகிய ஒருவர், "எழுதிச் சேமித்தாற் போதும்" என்ற எண்ணத்தோடு அலுவலகத்து லினக்ஸ் சேவையகத்துக்கு வருகின்றார். ஆங்கும் அவ்வாறே எழுதிச் சேமித்துவிட்டு எழுந்து போகின்றார். மறுதலையாக, லினக்ஸிற் பழகியவர் விண்டோஸ் சேவையகத்தில் ஒரு வரியைப் பிழையாக எழுதிச் சேமித்துவிட்டுத் தேநீர் பருகப் போனால், அவர் திரும்பி வருவதற்குள் புதிதாக வருவோர் அனைவரும் வாயிலில் தடைப்பட்டு நிற்பர். கோப்பைப் படித்துப் பொருள்கொள்ள இயலாத புதிய செயன்முறை, எவரையும் ஏற்காது நின்றுவிடுவதே இதற்குக் காரணம்.

எழுத்துக்கும் நினைவுக்கும் உள்ள இடைவெளியில் மறைந்திருக்கும் ஆபத்துகளுள் மிகக் கொடியது எது? மாற்றம் இன்னும் வரவில்லையே என்று வருந்துவது பெரிதன்று. அவ்வருத்தமே ஒருவரை ஆராயத் தூண்டும். வந்துவிட்டது என்று தவறாக நம்புவதே கொடியது. தலைமைப் பயனரின் கடவுச்சொல் மறந்துபோன ஓர் அலுவலகத்தை எண்ணிக்கொள்ளலாம். நிருவாகி கோப்பைத் திறந்து, கடவுச்சொல் கேட்கும்படி இருந்த வரியை "நம்பி விடு" என்று தற்காலிகமாக மாற்றுகின்றார்; சமிக்ஞை அனுப்புகின்றார்; உள்ளே சென்று புதிய கடவுச்சொல்லை அமைக்கின்றார். இம்மட்டும் முறையே. பின்னர்க் கோப்பை முன்போலத் திருத்திச் சேமித்துவிட்டு, வேலை முடிந்ததெனப் போய்விடுகின்றார். இரண்டாம் முறை சமிக்ஞை அனுப்ப அவர் மறந்துவிட்டார். இப்பொழுது கோப்பைப் பார்ப்பவருக்கு அது குற்றமற்றதாகத் தோன்றும். காவலனின் நினைவிலோ, கடவுச்சொல் இன்றி எவரையும் விடும் விதியே நிற்கின்றது. கணக்காய்வாளர் வந்து கோப்பை வரிவரியாகப் படித்து, "யாவும் சரி" என்று ஒப்பமிட்டுச் செல்லவும் கூடும். அடுத்த தடவை எவரேனும் வேறு காரணத்துக்காகச் சமிக்ஞை அனுப்பும் வரையில், அல்லது சேவையகம் மீளத் தொடக்கப்படும் வரையில், கதவு திறந்தே கிடக்கும்.

கோப்பை நேரே பார்ப்பதை விடுத்து, சேவையகத்தையே கேட்டுத் தெரிந்துகொண்டால் என்ன என்று ஒருவர் கருதலாம். 2017ஆம் ஆண்டில் வெளிவந்த 10ஆம் பதிப்பு முதல் அதற்கென ஓர் அட்டவணை உண்டு. விதிகளை வரிவரியாகப் பிரித்து, பிழையுள்ள வரியைச் சுட்டியும் அது காட்டும். மிகப் பயனுள்ளதே. ஆனால் அது காட்டுவது கோப்பில் இந்நேரம் இருப்பதை. நினைவில் நிற்பதை அன்று. மேற்கூறிய அலுவலகத்தில் அவ்வட்டவணையும் "யாவும் சரி" என்றே சொல்லும். அதனைப் புதிய விதியை முன்கூட்டிச் சோதிக்கும் கருவியாகக் கொள்ள வேண்டுமேயன்றி, நடைமுறையிலுள்ள விதிக்குச் சான்றாகக் கொள்ளலாகாது. கட்டளைகள் கடைசியாகப் படிக்கப்பட்ட நேரத்தைக் கூறும் வேறொரு கட்டளை இருக்கின்றது. கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்ட நேரத்தை அதனோடு ஒப்பிட்டால், திருத்தம் பிந்தியதாயின், ஐயம் உறுதியாகிவிடும்.

மீளப் படிக்கும்படி கட்டளையிட்டதும் சேவையகம் "ஆம்" என்று மறுமொழி தருகின்றது. அந்த "ஆம்" என்பதன் பொருளையும் அளந்தறிதல் வேண்டும். சமிக்ஞை அனுப்பப்பட்டது என்பதே அதன் பொருள். கோப்பு ஏற்கப்பட்டது என்பது அன்று. தபாற் கந்தோரில் தரும் பற்றுச்சீட்டு, கடிதம் அனுப்பப்பட்டதற்குச் சான்றேயன்றி, பெற்றவர் அதனைப் படித்து இணங்கினார் என்பதற்குச் சான்றாகாதது போன்றது இது. கோப்பிலே ஒரு வரி பிழைபட்டிருந்தாலும், சேவையகம் புதிய கோப்பு முழுவதையும் தள்ளிவிட்டுப் பழைய விதிகளையே தொடர்ந்து கைக்கொள்ளும். நல்ல வரிகளை ஏற்று, தீய வரியை மட்டும் விலக்குவதில்லை. இம்முறை அறிவுடைமை மிக்கது; பாதி விதியோடு வாயிலைக் காப்பதினும், பழைய விதியோடு முழுமையாகக் காப்பது மேல். தான் தள்ளிவிட்ட செய்தியைத் தன் குறிப்பேட்டிலே அது எழுதியும் வைக்கின்றது. 2009இல் வந்த 8.4 பதிப்புக்கு முன்னர், வரிகளிலுள்ள பிழைகளிற் பெரும்பாலன எவரேனும் வந்து இணைப்புக் கேட்கும்போதே வெளிப்பட்டன. அதன் பின்னரே, படிக்கும்பொழுதே முழுவதையும் ஆராய்ந்து பிழை காணும் வழக்கம் வந்தது.

குறிப்பேட்டைப் பார்க்கும் பழக்கம் இல்லாத அலுவலகத்தில் என்ன நிகழும்? பிழையுள்ள கோப்பு தள்ளப்பட்டது. பழைய விதிகள் நன்றாக வேலை செய்கின்றன. எவருக்கும் குறை தெரியவில்லை. மாதங்கள் பல கழிகின்றன. ஒருநாள் மின்சாரம் தடைப்பட்டுச் சேவையகம் நின்றுவிடுகின்றது. மின்சாரம் மீண்டதும் அது எழ முயல்கின்றது, கோப்பைப் படிக்கின்றது, பிழையைக் காண்கின்றது. இம்முறை அதற்குக் கைக்கொள்ளப் பழைய விதி எதுவும் நினைவில் இல்லை. ஆதலால் எழ மறுத்துவிடுகின்றது. வைத்தியசாலை நோயாளரின் குறிப்பைக் கேட்கின்றது, வங்கி கணக்கைக் கேட்கின்றது, மறுமொழி இல்லை. அந்நேரத்தில் கடமையிலிருக்கும் உத்தியோகத்தர் அன்று யாதொன்றையும் மாற்றாதவர். மின்தடையினால் இயந்திரம் பழுதுற்றது என்றே அவர் எண்ணுவார். மாதங்களுக்கு முன் ஒருவர் விட்ட எழுத்துப்பிழையை அவர் எங்ஙனம் நினைப்பார்?

இதுகாறும் கூறியது வாயிலில் வந்து நிற்போரைப் பற்றியது. ஏற்கெனவே உள்ளே இருப்போர் நிலை யாது? இதுவே பலரும் எண்ணிப் பாராத பகுதி. காவலன் வினவுவது நுழையும்போது மட்டுமே. உள்ளே சென்று அமர்ந்துவிட்டவரிடம் அவன் மீண்டும் சென்று, "விதி மாறிவிட்டது, உம்மை மறுபடி சோதிக்க வேண்டும்" என்று சொல்வதில்லை. கோப்பை மாற்றி, சமிக்ஞை அனுப்பி, புதிய விதி முறைப்படி ஏற்கப்பட்ட பின்னரும், காலையில் இணைந்தவர் மாலை வரை தம் இணைப்பைத் துண்டிக்காமல் வைத்திருந்தால், மாலை வரை அவர் உள்ளேதான் இருப்பார். அவருடைய கடவுச்சொல்லை மாற்றினாலும் அப்படியே. இனி நுழையலாகாது என்று அவர் பெயருக்குத் தடை விதித்தாலும் அப்படியே. பணியிலிருந்து விலக்கப்பட்ட ஓர் உத்தியோகத்தரின் அனுமதி காலை பத்து மணிக்கு நீக்கப்பட்டது என்று ஏட்டிலே எழுதியிருக்கும். அவருடைய மேசைக் கணினி அன்று காலை எட்டு மணிக்கே இணைந்திருந்தால், ஏட்டில் உள்ளதற்கும் உண்மைக்கும் இடையே எத்தனை மணி நேரம் என்பதை எவர் சொல்ல வல்லார்?

இக்காலத்து மென்பொருள்கள் இதனை இன்னும் சிக்கலாக்கிவிட்டன. ஒவ்வொரு வேலைக்கும் புதிய இணைப்புக் கேட்பது காலத்தை விழுங்கும் என்பதனால், சில இணைப்புகளை முன்னரே திறந்துவைத்து, அவற்றையே மாறி மாறிப் பயன்படுத்தும் முறை பரவியுள்ளது. இத்தகைய இணைப்பு நாள்கணக்கில் நீடிக்கலாம். கடவுச்சொல்லை மாற்றிய அன்று எல்லாம் ஒழுங்காக நடக்கும். பழைய இணைப்புகள் இருக்கின்றனவன்றோ! அம்மென்பொருள் எப்பொழுதாவது நின்று மீளத் தொடங்கும்போதுதான், தன்னிடமுள்ள பழைய கடவுச்சொல்லைக் காட்டி மறுக்கப்படும். மாற்றம் செய்தவர் அதற்குள் விடுமுறையிற் சென்றிருப்பார்.

கோப்பிலே எழுதப்படாது தரவுத்தளத்தினுள்ளேயே பதியப்படும் உரிமைகள் வேறு வகையின. இன்ன அட்டவணையை இன்னார் படிக்கலாம், இன்னார் திருத்தலாம் என்று வழங்கும் உரிமையை நீக்கினால், போஸ்ட்கிரெஸில் அது அடுத்த கேள்வியிலேயே பலித்துவிடும். ஏனெனில் அவ்வுரிமை நுழைவாயிலிற் சோதிக்கப்படுவதன்று; ஒவ்வொரு கேள்வியின்போதும் சோதிக்கப்படுவது. வாயிற் காவலன் வேறு, உள்ளே பெட்டகத்தின் திறவுகோலை வைத்திருப்பவன் வேறு என்று கொண்டால் இது விளங்கும். மற்றொரு புறம், எந்த முகவரியிற் சேவையகம் செவிசாய்த்து நிற்க வேண்டும் என்ற அமைப்பு இருக்கின்றது. அதனைச் சமிக்ஞையால் மாற்ற இயலாது. சேவையகத்தை நிறுத்தியே தொடக்க வேண்டும். புதிய கிளையலுவலகத்துக்கு அனுமதி வழங்கி விதியை எழுதிச் சமிக்ஞையும் அனுப்பிய ஒருவர், "இன்னும் இணைப்புக் கிடைக்கவில்லை" என்று மயங்கினால், சேவையகம் தன் சொந்தக் கணினியின் குரலுக்கு மட்டுமே செவிசாய்க்கும்படி முதலில் அமைந்திருந்ததா என்று பார்த்தல் நன்று. அந்நிலையில், கட்டளை சரியாக இருந்தும் வெளியிலிருந்து கதவைத் தட்டும் ஒலியே காவலனை எட்டுவதில்லை.

சுவீடனிலே தோன்றி 1995இல் வெளிவந்த மை எஸ்.கியூ.எல். என்னும் மென்பொருள் வேறொரு வழியைக் கைக்கொண்டது. வாயிற் கட்டளைகளையும் அது அட்டவணைகளாகத் தரவுத்தளத்துக்குள்ளேயே வைத்திருக்கின்றது. தொடங்கும்போது அவற்றை நினைவிற் கொள்கின்றது. உரிமை வழங்குவதற்கும் நீக்குவதற்கும் என்றே உள்ள கட்டளைகளைப் பயன்படுத்தினால், மாற்றத்தை அது உடனே உணரும். அவ்வாறன்றி, அட்டவணையின் வரிகளை நேரே திருத்தினால், உரிமைகளை மீள ஏற்றும்படி தனியே சொல்லும் வரை அது அறியாது. முன்கதவால் வந்து சொன்னாற் கேட்கும். பின்கதவால் வந்து ஏட்டைத் திருத்தினாற் கவனியாது என்க. உள்ளே இருப்போருக்கு மாற்றம் பொருந்துவதிலும் அங்கே மூன்று படிகள் உண்டு. அட்டவணை பற்றிய உரிமை அடுத்த வேண்டுகோளிலே மாறும். ஒரு தரவுத்தளம் முழுவதையும் பற்றிய உரிமை, பயனர் அத்தரவுத்தளத்தை அடுத்த முறை தெரிந்தெடுக்கும்போது மாறும். சேவையகம் முழுவதற்கும் உரிய உரிமையும் கடவுச்சொல்லும் அடுத்த இணைப்பிலேதான் மாறும். மிகப் பெரிய அதிகாரமே மிகத் தாமதமாக நீங்குகின்றது என்பதை நிருவாகிகள் நினைவிலிருத்த வேண்டும். ஆரக்கிள் என்னும் மென்பொருளிலும் நேரே வழங்கிய உரிமை உடனே மாறும். ஆனால் ஒரு பதவியை வழங்கி, அதன் வழியாக வரும் உரிமை, பயனர் புதிதாக நுழையும்போது அல்லது அப்பதவியைத் தாமே மீளப் பூணும்போதே தெரியவரும்.

இவற்றையெல்லாம் அறிந்த நிருவாகிகள் போஸ்ட்கிரெஸில் ஒரு வழியைக் கையாள்கின்றனர். தனித்தனி ஆட்களின் பெயரைக் கோப்பில் எழுதாமல் ஒரு குழுவின் பெயரை எழுதிவிடுகின்றனர். குழுவில் ஒருவரைச் சேர்ப்பதும் விலக்குவதும் தரவுத்தளத்தினுள்ளே நிகழும். அடுத்து நுழைபவரைச் சோதிக்கையில் காவலன் அதனைப் பார்த்துக்கொள்வான். கோப்பைத் தொடவும் வேண்டாம், சமிக்ஞையும் வேண்டாம். கோப்பைத் தொட்டேயாக வேண்டிய வேளையில், முதலில் அட்டவணையின் துணைகொண்டு பிழை நோக்கி, பின் சமிக்ஞை அனுப்பி, குறிப்பேட்டைப் படித்து, அதன் மேல் ஒரு புதிய இணைப்பை உண்மையாகவே முயன்று பார்க்கின்றனர். அதுவும் விதி எந்த முகவரியைப் பற்றியதோ அம்முகவரியிலிருந்தே. அம்முயற்சி முடியும் வரை தம் பழைய இணைப்பை மூடுவதில்லை. விதியைத் தவறாக எழுதித் தம்மையே வெளியில் வைத்துப் பூட்டிக்கொண்டால், உள்ளே இருக்கும் அந்த ஒரே இணைப்பே திரும்பி வரும் வழி. நுழைந்தோரை மீண்டும் சோதிப்பதில்லை என்ற அதே இயல்பு இங்கே துணையாகின்றது.

ஒருவரை வெளியேற்ற வேண்டிய நிலையில், அவருடைய நடப்பு இணைப்பை நிருவாகியே துண்டிக்கலாம். அதற்கெனக் கட்டளை உண்டு. ஆனால் வரிசை மாறலாகாது. விதி முதலில் மாற வேண்டும். அது ஏற்கப்பட்டதென்று தெளிய வேண்டும். அதன் பின்னரே துண்டிக்க வேண்டும். முதலில் துண்டித்துவிட்டுப் பின்னர் விதியை மாற்ற முற்பட்டால், இக்கால மென்பொருள்கள் அறுந்த இணைப்பை ஒரு நொடிக்குள் தாமே மீளக் கேட்கும்; காவலனும் தன் நினைவிலுள்ள பழைய விதிப்படி மறுப்பின்றி உள்ளே விடுவான். அவ்வாறு நுழைந்த இணைப்பு, பின்னர் மாறும் எந்த விதிக்கும் கட்டுப்படாது, மறுபடியும் தேடித் துண்டிக்கப்படும் வரை அங்கேயே இருக்கும்.